கொல்லையைத் தோண்டும் நாய்: கொட்டகையா, மணல் குழியா, கம்பி வலையா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் மதுரைப் பக்கம் நாய் வளர்க்கிற வீடுகளில் ஒரே புகார்தான். வாழைக்கு அடியில் பள்ளம், மல்லிகைப் பாத்தியில் வேர் வெளியே, துவைகல்லைச் சுற்றிக் குழி. உடனே தோன்றுகிற யோசனைகளும் வீட்டுக்கு வீடு மாறுவதில்லை: சங்கிலியில் கட்டிப்போடு, மிளகாய்த்தூளைத் தூவு, கொல்லை முழுக்க சிமெண்டுத் தளம் போட்டுவிடு. இந்த மூன்றில் எதுவும் நாய் ஏன் தோண்டுகிறது என்று கேட்பதில்லை. அதைக் கேட்காமல் செலவழித்தால் குழி நிற்காது, இடம்தான் மாறும். அதனால் ஹார்டுவேர் கடைக்குப் போவதற்கு முன்னால் கொல்லைக்குப் போய்க் குழியைப் பாருங்கள்.

எந்த மாதிரிக் குழி?

இரண்டு மூன்று அடி அகலம், அரை அடி ஆழம், தாம்பாளம் மாதிரி வட்டம். இடம் நிழலாகவோ ஈரமாகவோ இருக்கும், நாயும் அதிலேயே சுருண்டு கிடக்கும். இது வெயில் குழி. சூடேறிய மேல்மண்ணைச் சுரண்டித் தள்ளிவிட்டு, அடியில் உள்ள குளிர்ந்த மண்ணில் வயிற்றை வைத்துப் படுக்கிறது. மனிதர்களைப் போல உடம்பு முழுக்க வியர்த்துச் சூடு தணிக்க நாயால் முடியாது. மூச்சிரைப்பதும் குளிர்ந்த இடத்தில் வயிறு படப் படுப்பதும்தான் அதற்குள்ள வழி. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகிற ஊரில் பகலெல்லாம் வெளியே கிடக்கும் நாய் தோண்டும் குழிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். துவைகல், வாழை, சம்ப் ஓரம், வாஷிங் மெஷின் தண்ணீர் போகிற வழி என்று ஈரம் நிற்கும் இடமாகப் பார்த்து அது தோண்டுவதும் இதனால்தான்.

குறுகலாக, ஆழமாக, ஒரு திசை பிடித்துப் போனால் அது பெருச்சாளியைத் தேடிய குழி. சாக்கடை ஓரம், செப்டிக் டேங்க் பக்கம், விறகு அடுக்கு, தீவன மூட்டை வைத்த இடம் ஆகியவற்றில் பாருங்கள். நாய் மூக்கை உள்ளே விட்டு உறிஞ்சும், தலையைச் சாய்த்துக் காது கொடுக்கும், மறுபடி தோண்டும். பக்கத்திலேயே இன்னொரு வளை வாசல் இருந்தால் சந்தேகமே இல்லை.

கேட்டுக்கு அடியிலோ வேலி ஓரத்திலோ மட்டும் தோண்டினால் வெளியே போகப் பார்க்கிறது. தெருவில் பெட்டை நாய் பருவத்துக்கு வந்திருக்கலாம். இல்லையென்றால் திருவிழா வேட்டுக்கோ தீபாவளி வெடிக்கோ மிரண்டிருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பத்து இடத்தில் பறித்து, கூடவே செருப்பும் தண்ணீர்க் குழாயும் கடிபட்டுக் கிடந்தால், அது பொழுது போகாத நாயின் வேலை. ஒன்றரை வயதுக்குள் உள்ள நாயிடம் இது அதிகம்.

ஒரே செடியை மட்டும் திரும்பத் திரும்பப் பறித்தால் நாயை விடுங்கள், உரத்தைப் பாருங்கள். எலும்புத்தூள், மீன் கழிவு, கடலைப் புண்ணாக்கு எதைப் புதைத்தாலும் நாய்க்கு அது புதைத்து வைத்த சோறுதான். இதில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும்: ஆமணக்குப் புண்ணாக்கு. விதையில் உள்ள ரிசின் என்னும் நஞ்சு புண்ணாக்கிலும் தங்கியிருக்கும். அதைத் தின்ற நாய் வாந்தி, ரத்தம் கலந்த பேதி என்று போய்ச் செத்தும் விடலாம். நாய் திரியும் தோட்டத்தில் அது வேண்டவே வேண்டாம். மக்கிய சாண எருவும் வேப்பம் புண்ணாக்கும் போதும். அவற்றையும் வேரடியில் மண்ணோடு கலந்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். மேலே குவித்து வைக்காதீர்கள்.

கொட்டகையும் கட்டிலும்

வெயில் குழிக்கு இதைவிட மலிவான, சீக்கிரமாகப் பலன் தரும் வழி வேறில்லை. ஆனால் பலர் இதைத் தப்பாகச் செய்துவிட்டு, "கூண்டு வாங்கி வைத்தும் அதில் படுக்க மாட்டேன் என்கிறது" என்பார்கள். காரணம் கூரை. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூண்டு மதியம் பதினொரு மணிக்கெல்லாம் அடுப்பாகிவிடும். நாய் வெளியே வந்து தோண்டுவதுதான் புத்திசாலித்தனம்.

தென்னங்கீற்றுக் கொட்டகை நல்லது. கீற்றுக் கிடைக்காவிட்டால் 75 சதவீத நிழல் தரும் ஷேடு நெட்டை இரண்டு மடிப்பாக, ஒன்றுக்கொன்று அரை அடி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். ஒற்றை மடிப்பில் நிழல் விழும், ஆனால் சூடு இறங்கும். கூரை குறைந்தது 5 அடி உயரத்தில் இருக்கட்டும். மேற்குப் பக்கத்தை மட்டும் தரைவரை மறைத்துவிட்டு மற்ற பக்கங்களைத் திறந்து விடுங்கள். பிற்பகல் வெயில் சாய்ந்து அடிப்பது அந்தப் பக்கத்திலிருந்துதான்.

உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில். தரையிலிருந்து ஓரடி உயரம், நீளம் நாயின் மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை அளந்து, கூட ஓரடி. அடியில் காற்று ஓடுவதால் வயிறு சூடாகாது. கடிக்கிற வயதுக் குட்டிக்கு நைலான் நாடாக் கட்டில் ஆகாது. நாடாவைப் பிய்த்து விழுங்கினால் குடலில் சிக்கும். அந்த வயதில் கட்டிலை விட்டுவிட்டு, நனைத்துப் பிழிந்த சணல் சாக்கைத் தரையில் விரியுங்கள். நம் கோடைக்காற்று உலர்ந்தது, ஆகவே ஈரச்சாக்கு நன்றாகவே குளிரும். மழைக்கால இறுக்கத்தில் இது எடுபடாது. குடிதண்ணீருக்கு வாய் அகன்ற மண் தொட்டி. பிளாஸ்டிக் வாளித் தண்ணீர் மதியத்தில் வெந்நீராகிவிடும், நாய் அதைக் கவிழ்த்து அந்த ஈரத்தில் தோண்டும்.

கொட்டகை போட்ட அன்றே பழைய வெயில் குழிகளை மூடாதீர்கள். நாய் புது இடத்தில் நான்கைந்து நாள் தொடர்ந்து படுத்த பிறகு மூடுங்கள்.

இது எதற்கு உதவாது? பெருச்சாளி வேட்டைக்கும் தப்பி ஓடுவதற்கும் துளியும் உதவாது.

மணல் குழி: தோண்டுவதற்கு ஓர் இடம்

தோண்டுவது சில நாய்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. டேஷ்ஹண்ட் என்பது வளைக்குள் புகுந்து வேட்டையாடவே உருவாக்கப்பட்ட இனம். அதை "தோண்டாதே" என்று பழக்குவது வீண் முயற்சி, "இங்கே தோண்டு" என்று பழக்கலாம். டெரியர் வகைகளுக்கும் பொழுது போகாத குட்டிகளுக்கும் இதுவே பொருத்தம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட நாய்களுக்கு இதைவிடத் தினமும் நன்றாக ஓடவிடுவதுதான் முக்கியம்.

நடுத்தர அளவு நாய்க்கு 6 அடி நீளம், 4 அடி அகலம், ஒன்றரை அடி ஆழம் போதும். அதற்கு 36 கன அடி மணல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆகவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆற்று மணல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கழுவிய பி-சாண்ட், அதாவது சுவர்ப்பூச்சுக்கு விற்கும் நைசான செயற்கை மணல். கான்கிரீட்டுக்கு விற்கும் எம்-சாண்ட் வேண்டாம். அது பருமனான குருணை, முனை கூரானது, பாதத்தை உராயும். தூள் கலந்த மலிவுச் சரக்காக இருந்தால் நாலு தடவை நனைந்து காய்ந்ததும் இறுகிப்போகும். இறுகிய குழியை நாய் சீண்டாது, பக்கத்துப் பாத்திக்குப் போய்விடும்.

அடியில் செங்கல்லை ஒரு விரல் இடைவெளி விட்டுப் படுக்கையாகப் பரப்புங்கள், சுமார் 80 கல் பிடிக்கும். தண்ணீர் இடைவெளியில் இறங்கிவிடும், நாயும் அதற்குக் கீழே போகாது. வடிகாலுக்காக ஜல்லி கொட்டினால் ஒரே வாரத்தில் ஜல்லி மணலோடு கலந்து மேலே வந்துவிடும். கம்பி வலை விரித்தால் நகம் மாட்டும். சுற்றிலும் ஒரு வரிசை ஹாலோ பிளாக் வைத்து விளிம்பைத் தரையைவிட அரை அடி உயர்த்துங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லைத் தண்ணீரெல்லாம் இந்தக் குழிக்குள் பாய்வதை அதுதான் தடுக்கும். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணில் தண்ணீர் லேசில் கீழே இறங்காது. அங்கே குழி தோண்டாமல், தரைக்கு மேலேயே இரண்டு வரிசைக் கல் வைத்து மேடை மாதிரிக் கட்டி மணலை நிரப்புவது நல்லது.

இடம் நிழலில் இருக்க வேண்டும். வெட்டவெளியில் கட்டினால் மதியம் மணல் காலைச் சுடும், அத்தனை வேலையும் வீண்.

பழக்குவதுதான் இதன் பாதி. முதல் மூன்று நாள் ரப்பர் பொம்மை, முடிச்சுப் போட்ட கயிறு, கேரட் துண்டு, ஒரு தேங்காய்ச் சில்லு இப்படி இரண்டு மூன்றைப் பாதி வெளியே தெரியும்படி புதையுங்கள். அடுத்த சில நாள் இரண்டு அங்குல ஆழம், பிறகு அரை அடி. ஒவ்வொரு நாளும் வேறு மூலையில். பிரியாணி எலும்பை மட்டும் புதைக்காதீர்கள். வெந்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து தொண்டையையும் குடலையும் குத்தும். வேறு இடத்தில் தோண்டும்போது கண்ணில் பட்டால் "வேணாம்" என்று ஒரு சத்தம் கொடுத்து, கையோடு மணல் குழிக்குக் கூட்டி வந்து, அங்கே கால் வைத்ததும் தட்டிக்கொடுங்கள். சாயங்காலம் வேலை முடிந்து வந்து பழைய குழியைக் காட்டித் திட்டுவதில் பயனில்லை. எதற்கு அடி விழுகிறது என்று அதற்குப் புரியாது. நீங்கள் வந்தாலே பதுங்கப் பழகும், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

இதில் உள்ள தொல்லை பூனை. தெருப்பூனை மணலைக் கண்டால் கழிப்பிடம் ஆக்கிவிடும், நாய் அந்த மலத்தைத் தின்னும். இரவில் தார்ப்பாயால் மூடுங்கள். நாயே அங்கே மலம் கழித்தால் அன்றே அள்ளுங்கள். ஈர மணலில் கொக்கிப்புழுக் குஞ்சுகள் வளர்ந்து, வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகளின் தோலுக்குள்ளும் போகும். மணல் குழி வைத்திருக்கும் வீட்டில் நாய்க்குக் குடற்புழு மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளி தவறாமல் கொடுக்க வேண்டும்.

கம்பி வலை

தப்பிக்கிற நாய்க்கு இதுதான். மற்ற குழிகளுக்கு இது வேலியே தவிரத் தீர்வில்லை.

காம்பவுண்டுச் சுவர் உள்ள வீட்டில் சுவருக்கு அடியில் வலை தேவைப்படாது, அஸ்திவாரமே தடுக்கும். ஓட்டை கேட்டுக்கு அடியில்தான். கேட் அகலத்துக்கு முக்கால் அடி ஆழத்தில் கான்கிரீட் படி ஒன்று போட்டுவிட்டால் முடிந்தது. வலை தேவைப்படுவது கம்பிவேலி போட்ட மனைகளுக்கும் தோப்புகளுக்கும்.

வலையைச் செங்குத்தாக இரண்டடி புதைப்பது ஒரு முறை. வேலியோடு சேர்த்து உட்பக்கமாகத் தரையில் படுக்க வைப்பது இன்னொரு முறை. படுக்க வைப்பதே மேல். மேலூர்ப் பக்கத்துச் சரளை மண்ணில் இரண்டடி வாய்க்கால் வெட்டக் கடப்பாரை வேண்டும், கூலி வலையின் விலையைத் தாண்டிவிடும். நாய் வேலிக்கு மிக அருகில்தான் தோண்டத் தொடங்கும். நகம் கம்பியில் தட்டியதும் இரண்டடி பின்னால் தள்ளி நின்று அங்கிருந்து சுரங்கம் போடலாம் என்று பெரும்பாலும் யோசிப்பதில்லை.

வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை), ஜிஐ என்னும் துத்தநாகப் பூச்சு, கம்பித் தடிமன் 10 கேஜ், 2 அங்குலக் கட்டம் வாங்குங்கள். குட்டி நாய், டேஷ்ஹண்ட் என்றால் 1 அங்குலக் கட்டம், இல்லாவிட்டால் பாதம் மாட்டும். 4 அடி அகல வலையை நடுவில் நீளவாக்கில் வெட்டினால் இரண்டடிப் பட்டை இரண்டு. 30 அடி வேலிக்கு 15 அடி வலை போதும். வேலியோடு சேரும் விளிம்பை அரை அடிக்கு ஒரு கட்டு எனக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். மறு விளிம்பை 8 மி.மீ. கம்பியில் வளைத்த U ஊசியால் இரண்டடிக்கு ஒன்றாக அறையுங்கள். ஒரு கால் ஓரடி நீளம். 16 ஊசிக்கு 12 மீட்டர் முழுக்கம்பி ஒன்று சரியாகப் போதும். கரிசலில் மண் உப்பி வெடிப்பதால் ஊசி மேலே எழும், அங்கே காலை ஒன்றரை அடியாக வையுங்கள், கம்பி கூடுதலாகும். மேலே மூன்று அங்குலம் மண் போட்டு அருகம்புல்லைப் பரப்பிவிட்டால் வேர் வலையைப் பிடித்துக்கொள்ளும்.

வெட்டிய கம்பி முனைகளைக் குறடால் கீழ்நோக்கி மடிக்காமல் விட்டால் பாதம் கிழியும். கோழிவலை மலிவு என்று வாங்க வேண்டாம். மண்ணுக்குள் சீக்கிரம் துருப்பிடித்து, அறுந்த முனையெல்லாம் முள்ளாகி நிற்கும். சீமைக்கருவேல முள்ளை வேலியோரம் புதைக்கிற பழக்கத்துக்கும் இதே கதிதான். பாதத்துக்குள் முறிந்த முள் சீழ் பிடிக்கும்.

ஓடும் காரணம் பெட்டை நாய் வாசம் என்றால் கடுவனுக்குக் கருத்தடை செய்வது ஊர் சுற்றும் ஆசையைக் குறைக்கும். வெயிலுக்குத் தோண்டுவதை அது குறைக்காது. வெடிக்கு மிரளும் நாயை அந்த இரவுகளில் வீட்டுக்குள் விடுங்கள், வலை அன்று பயனில்லை.

தளம் போடுவது, கட்டிப்போடுவது

கொல்லை முழுக்கப் பேவர் பிளாக் பதித்தால் தோண்ட மண் இருக்காது, உண்மை. ஆனால் அந்தத் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி இரவு வரை கக்கும். வெயிலுக்குத் தோண்டிய நாய்க்கு இது தண்டனை. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்புக் கட்டாயம். உள்ள மண்ணையும் மூடிவிட்டு எந்த நீரைச் சேகரிப்பது? பெருச்சாளி இருக்கும் கொல்லை என்றால் அது பேவருக்கு அடியில் வளை போட்டு, மழையில் கல் உள்வாங்கும். வேண்டிய இடத்தில் மட்டும் மூடலாம். மல்லிகை, கறிவேப்பிலைத் தூரைச் சுற்றிக் கடப்பாக்கல் துண்டு, இல்லை நாய் வாயில் கொள்ளாத பெரிய கூழாங்கல். தென்னை நார்க்கழிவைப் பரப்பாதீர்கள், மெத்தென்று ஈரமாக இருப்பதால் அதுவே நாயைத் தோண்ட அழைக்கும். மேலே மணல் போட்டுத் திறந்து கிடக்கும் மழைநீர்க் குழிக்குத் துளையிட்ட சிமெண்டு மூடி கட்டாயம்.

சங்கிலி சில மணி நேரத்துக்கு. நாள் முழுக்கக் கட்டிவைத்து ஓடவிடாமல் இருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11-ஆம் பிரிவின்படி குற்றம். கட்டிய நாய் கட்டிய வட்டத்துக்குள் தோண்டும், அவிழ்த்ததும் சேர்த்து வைத்துத் தோண்டும்.

தூவுவதும் ஊற்றுவதும்

எலுமிச்சைத் தோலும் வினிகரும் கெடுதல் இல்லை, ஒரு தண்ணீர் பாய்ச்சலில் போய்விடும். குழிக்குள் அதன் மலத்தையே போட்டு மூடும் உத்தி சில நாய்களிடம் பலிக்கும், அந்தக் குழியில் மட்டும். மிளகாய்த்தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறிப் புண்ணாக்கும். கறுப்பு பினாயில், மண்ணெண்ணெய், கழிவு எஞ்சின் ஆயில் மூன்றும் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வயிற்றுக்குள் போகும். அந்துருண்டை இன்னும் மோசம். அதில் உள்ள நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். குழியில் தண்ணீர் ஊற்றி வைத்தால் பல நாய்கள் சந்தோஷமாக அதில் இறங்கிப் படுத்துக்கொள்ளும், கொசுவும் பெருகும்.

பெருச்சாளி இருந்தால்

மேலே சொன்ன எதுவும் நிற்காது. பெருச்சாளி போனால்தான் நாய் விடும். இரவில் நாய்த்தட்டில் மீந்த சோற்றை எடுத்துவிடுங்கள், வளைகள் பெருகுவதற்குப் பாதிக் காரணம் அதுதான். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி அடுக்குங்கள். சாக்கடைக் குழாய் வாயில் கம்பிச் சல்லடை வைத்து, வளை வாசல்களை ஜல்லியும் சிமெண்டும் கலந்து அடையுங்கள். மண்ணால் மூடினால் மறுநாளே திறந்துவிடும். அடைப்பதற்கு முன் கூண்டுப்பொறியில் கருவாட்டுத் துண்டு வைத்துப் பிடிப்பது பாதுகாப்பான வழி. எலி மருந்து வைக்காதீர்கள். புரோமடியோலோன் என்னும் எலி மருந்துக் கட்டியை நாயே தின்னலாம், அதைத் தின்ற எலியையும் தின்னலாம். ரத்தம் உறையாமல் போவது வெளியே தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். தின்றது தெரிந்தால் அறிகுறிக்குக் காத்திராமல் மருந்து அட்டையோடு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஜிங்க் பாஸ்பைடு என்னும் இன்னொரு எலி மருந்துக்கு மாற்று மருந்தே கிடையாது. வளை உள்ள இடத்துக்குக் கண்ணாடி விரியனும் நல்ல பாம்பும் தேடி வரும், மூக்கை உள்ளே விடும் நாய்தான் முதலில் கடிபடும்.

யாருக்கு எது

மூன்று சென்ட் மனையில் வீடு போக நாலைந்து அடிச் சந்துதான் மிச்சம் என்றால் மணல் குழிக்கு இடமில்லை. கொட்டகை, கட்டில், செடித்தூரில் கல், காலை ஏழு மணிக்குள் ஒரு நடை, பொழுது சாய்ந்து ஒரு நடை. வெயிலில் தார்ச்சாலையில் கூட்டிப்போகாதீர்கள், புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் நாய்க்கும் முடியாது. வாடகை வீடு என்றால் ஷேடு நெட், ஈரச்சாக்கு, வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் மணல் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காலி செய்யும்போது எடுத்துப் போகலாம். சோழவந்தான் பக்கம் தோப்பில் திரியும் நாய்க்கு வேலியோர வலையும் நிழலில் தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிய மண்மேடும் போதும், மற்ற இடத்தில் தோண்டினால் தோண்டிவிட்டுப் போகட்டும்.

சினை நாய் கடைசி வாரத்தில் மூலையில் தோண்டுவது குட்டி போட இடம் தேடுவது. தடுக்காதீர்கள், மழை படாத இடத்தில் சாக்கு விரித்த பெட்டியைக் காட்டுங்கள். சினையே இல்லாமல், பருவம் முடிந்து இரண்டு மாதம் போல ஆன பெட்டை அப்படித் தோண்டி, மடியும் பெருத்தால் அது பொய்ச்சினை. தோண்டிய மண்ணைத் தின்கிற நாய்க்கு உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தால் புழுவாலோ உண்ணியாலோ ரத்தம் குறைந்திருக்கக்கூடும். கொட்டகை வேலையை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் கால்நடை மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.